ஒற்றை டயர்

“இதைவிடப் பெரிசு இல்லையாண்ணே?”

தொடையளவு உயரத்தில் நின்ற ஜீப் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பெண் கேட்டதும், கடைக்காரருக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. முப்பது வருஷமாக டயர் விற்கிறார். பெரிய டயர் கேட்டு வருகிற பந்தாப் பேர்வழிகளை அவருக்கு வாசலிலேயே தெரிந்துவிடும்.

“உங்களுக்காம்மா?”

அவள் கடையில் நின்ற மற்றவர்களைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். “வீட்டுக்காரருக்கு.”

“அவர் வரலையா?”

“அவரால வர முடியாதுண்ணே.”

துரைக்கு வெயில் ஆகாது போலிருக்கிறது! அவள் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. பெண்டாட்டியைத் தூங்கக்கூட விடாமல் டயர் வாங்க விரட்டியிருக்கிறான், மகானுபாவன்.

“இங்க பாருங்கம்மா. ஜீப்போட வர்ற அளவு இருபத்தொம்போது இஞ்ச். மலையேற, சேத்துல போக, எல்லாத்துக்கும் அது தாராளம். என் ஜீப்புக்கும் அதான். முப்பத்தஞ்சு போட்டா ஸ்டியரிங் கையைப் பிடுங்கும், திருப்புறப்போ மட்கார்டுல உரசும், டீசலைக் குடிச்சே தீர்த்துடும். பார்க்கிறதுக்கு மட்டும்தான் நல்லா இருக்கும்.”

“பார்க்க நல்லா இருந்தாப் போதும்ணே.”

கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

மூலையில் முப்பத்தைந்து இஞ்ச் டயர்கள் நாலு கிடந்தன. போன மாதம் ஒருவர் ஆசையாக மாட்டி, பத்தே நாளில் முதுகு பிடித்துக்கொண்டு வந்து கழற்றிப் போட்டவை. அவள் அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து, ஆழமான பள்ளங்களில் விரலை விட்டுப் பார்த்தாள்.

“ஈர மண்ணுல இதோட தடம் நல்லா விழுமாண்ணே?”

“யானை நடந்த மாதிரி விழும். ஏன், தடத்தைப் பார்த்துத் தெருவே எழுந்து நிக்கணுமாக்கும் உங்க வீட்டுக்காரருக்கு?”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “இதுல ஒண்ணு கொடுங்க.”

“ஒண்ணா? மத்த மூணு?”

“ஒண்ணு போதும்ணே.”

ஓகோ, ஜீப்பின் பின்கதவில் ஸ்டெப்னியாக மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றத்தானா! “காலுக்கு ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டு முதுகுல பூட்ஸைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும்மா,” என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். “இந்தக் கனத்துக்குக் கதவோட கீல் பிடுங்கிக்கும். அதாவது தெரியுமா அவருக்கு?”

அவள் ஒரு டயரை நிமிர்த்தி, நாலடி உருட்டிப் பார்த்தாள். “பத்து வயசுப் பொண்ணு உருட்டினா உருளும்ல?”

“உருளும், உருளும். அந்த வேலையையும் பொண்ணு தலையில கட்டிட்டாரா?”

“வீடு வரைக்கும் கொண்டுவந்து போட முடியுமாண்ணே?”

“நானே வர்றேன். அந்த மனுஷனை நேர்ல பார்த்து நாலு வார்த்தை கேக்காம எனக்குச் சோறு இறங்காது.”

மத்தியானம் தன் ஜீப்பிலேயே டயரை ஏற்றிக்கொண்டு போனார். தெருவின் கடைசியில் தனியாக இருந்தது வீடு. அதைத் தாண்டினால் வெறும் புதர். வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு, படகு மாதிரி. கொடியில் ஒரு பெரிய சட்டை. ஆளும் முப்பத்தைந்து இஞ்ச்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

டயரை இறக்கிவிட்டுக் குரல் கொடுத்தார். “சார்! கொஞ்சம் வெளியில வாங்க சார்!”

ஒரு சிறுமி தண்ணீர் வாளியோடு வந்து, வாசல் மண்ணை நனைக்க ஆரம்பித்தாள். பின்னாலேயே அம்மா வந்தாள்.

“எங்கம்மா ஜீப்பு? வெளியில எடுத்துட்டுப் போயிட்டாரா?”

“ஜீப்பே இல்லைண்ணே.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அவரும் இல்ல. போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு. கடையில நாலு பேர் முன்னாடி சொல்லத் தோணல, மன்னிச்சுக்குங்க.”

கடைக்காரர் சிறுமியைத் திரும்பிப் பார்த்தார்.

“எனக்கு ஆஸ்பத்திரியில ராத்திரி டூட்டி. பகலுக்கு மாத்திக் கேட்டேன், இன்னும் ரெண்டு மாசம் ஆகும்னுட்டாங்க. அதுவரைக்கும் இவ தனியாத்தான் படுத்துக்கணும். ஒரு வாரமா யாரோ வாசல்ல வந்து நின்னுட்டுப் போறான். காலையில பார்த்தா மண்ணுல கால்தடம் கிடக்கு.”

நாலு வார்த்தை கேட்க வந்தவர் கொடியில் தொங்கிய சட்டையை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். எடுக்காமலே கிடந்து தோள்பட்டை மட்டும் வெளுத்துப்போயிருந்தது. செருப்பில் யாரும் போட்டு நடந்த தேய்மானமே இல்லை. காலையிலிருந்து தான் பேசிய பேச்சு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கடவுளே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

சிறுமி அதற்குள் டயரை நிமிர்த்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு, தெருவிலிருந்து வீட்டு வாசல்வரை உருட்டியிருந்தாள். ஈர மண்ணில் தடம் அழுத்தமாக விழுந்திருந்தது. தன் கால் பட்ட இடங்களைக் கையால் தடவி மூடிவிட்டு, தள்ளி நின்று பார்த்தாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்கப்பா வண்டியில வந்து இறங்கின மாதிரி இருக்கா மாமா?”

கடைக்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சேற்றில் இறங்கி டயரைப் பிடித்தார்.

“ஒரு தடம் போதாது கண்ணு, நாலரை அடி தள்ளி இன்னொண்ணு உருட்டணும். பார்க்க நல்லா இருக்க வேணாமா?”