வயிற்று நிழல்

வெயில் ஏறிவிட்டால் செம்மறி ஆடுகள் ஒன்றன் வயிற்றுக்கடியில் இன்னொன்று தலையை நுழைத்துக்கொள்ளும். அன்று தூரத்துக் கண்மாய்க்குத் தண்ணீர் குடிக்கக் கிளம்பிய மந்தை, நடக்கும்போதும் தலையை வெளியே எடுக்கவில்லை. வழியில் ஒரு மரம் கிடையாது. முன்னால் போன கிடாவைத் தவிர எல்லாத் தலைக்கும் நிழல் இருந்தது.

"நான் மட்டும் மண்டை காயணுமா? இனி ஓரடி எடுத்து வைக்க மாட்டேன்" என்று கிடா ஒரு கரையான் புற்றுப் பக்கத்தில் நின்றுவிட்டது.

கூட வந்த வெள்ளாடு தாடியை ஆட்டியது. "கோவிச்சுக்காதீங்கண்ணே. கடைசி ஆட்டு வயித்துக்கடியில எடம் சும்மாதானே கெடக்கு."

கிடாவுக்கு அது நியாயமாகப் பட்டது. வளைந்து போய்க் கடைசி ஆட்டின் வயிற்றுக்கடியில் தலையை நுழைத்துக்கொண்டது. மற்றவையும் அதன் பின்னாலேயே வளைந்தன. மந்தை நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. "இன்னிக்கு அலுப்பே தெரியலையே" என்று ஆடுகள் தங்களுக்குள் மெச்சிக்கொண்டன.

பொழுது சாய்ந்து தலையை வெளியே எடுத்தால், மத்தியானம் பார்த்த அதே கரையான் புற்று பக்கத்திலேயே நின்றது. அதைச் சுற்றித் தரையில் வட்டமாகத் தடம் விழுந்திருந்தது.

தாடியில் தண்ணீர் சொட்ட வெள்ளாடு எதிரே வந்தது.

"எங்கேடா போயிருந்தே?"

"கண்மாய்க்குண்ணே. வயிறு முட்டக் குடிச்சேன்."

கிடா காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டே வெள்ளாட்டைப் பரிதாபமாகப் பார்த்தது.

"அவ்வளவு தூரமும் வெயில்லயா போனே? பாவம்டா நீ."