மூடி

“கோபப்படாதேடா மூடி. உன் கதையை உள்ளே சொல்லிட்டேன்.”

கோட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னான் கேப்டன். இருவருக்கும் சேர்த்து ஒரே கோட்டு. விமானி வேலைக்கான நேர்காணல் முடிந்து ஒருவன் வெளியே வந்து கொடுத்தால்தான் அடுத்தவன் போட்டுக்கொண்டு உள்ளே போக முடியும்.

“எந்தக் கதை?”

“பெட்ரோல் மூடிக் கதைதான். தப்புப் பண்ணிட்டு நீங்களே போய் ஒத்துக்கிட்ட சம்பவம் ஒண்ணு சொல்லுங்கன்னாங்க. எனக்கு ஏதுடா அப்படி ஒண்ணு? வாய் தானா உன் கதையைச் சொல்லிடுச்சு.”

கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்த மூடி அப்படியே நின்றான்.

“அப்போ நான் என்ன சொல்றது?”

“வேற ஏதாவது சொல்லு. அதை மட்டும் சொல்லிடாதே. ஒரே பள்ளிக்கூடம், ஒரே கதைன்னா என்னைப் பிடிச்சிடுவாங்க. கெஞ்சிக் கேக்கறேன்டா.”

கதவு திறந்தது. மூடியைக் கூப்பிட்டார்கள். கேப்டன் கோட்டைத்தான் திருப்பிக் கொடுத்தான். கதையைக் கொடுக்கவில்லை.

அந்தக் கதை இதுதான்.

விமானப் பள்ளியில் ஒரு காலை, கேப்டன் தனியாகப் பறக்கப் போனான். ஏணியில் ஏறி, இறக்கை மேலிருந்த தொட்டியைத் திறந்து பெட்ரோல் பார்த்தான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு அப்போது மூடி என்ற பெயர் இல்லை. கேப்டன் இறங்கி, ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து கிளம்பினான். மேலே போனால் பெட்ரோல் முள் சரசரவென்று இறங்குகிறது. பாதி உயிரோடு திரும்பி வந்தான். தொட்டி மூடி சங்கிலியில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

தலைமைப் பயிற்சியாளர் வாயைத் திறப்பதற்குள் ஏணி பிடித்தவன் முன்னால் வந்தான்.

“சார், இவன் ஆபீசுக்குப் போனப்போ நான் மறுபடி ஏறித் திறந்து பார்த்தேன். மூட மறந்துட்டேன்.”

ஒரு வருஷம் அவனைப் பறக்க விடவில்லை. அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் ‘மூடி’. வைத்தவன் கேப்டன். தனக்குக் ‘கேப்டன்’ என்று வைத்துக்கொண்டவனும் அவனேதான்.

அதோடு விட்டானா? “என்னைக் கொல்லப் பார்த்தவன்டா நீ. பெரிய மனசு பண்ணி மன்னிச்சு விட்டிருக்கேன்” என்று சொல்லிச் சொல்லியே, வேலை தேடி வந்த இந்த அந்நிய ஊரில், ஹீட்டருக்குப் பக்கத்துக் கட்டிலைப் பிடித்துக்கொண்டான். பாத்திரம் தேய்ப்பது மூடி. சட்டைக்கு இஸ்திரி போடுவதும் மூடி.

சலவைக்கடைக்கு மேலே அறை. கீழே இயந்திரம் வேகமெடுத்தால், மேலே கட்டில் தானாக நடந்து கதவுவரை போய்விடும். துணி அலமாரிக் கதவுகளில் காக்பிட் படம் ஒட்டியிருந்தார்கள். சாக்ஸ் எடுக்கத் திறந்தால் விமானம் இரண்டாகப் பிளக்கும். அதன் முன்னால் நாற்காலி போட்டு, ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டதில்தான் பொழுதெல்லாம் போயிற்று.

மூடிக்கு எல்லாப் பதிலும் அத்துப்படி. போன இடத்தில் எல்லாம் தடுக்கியது ஒரே கேள்வி. ‘நடுவில் ஒரு வருஷம் ஏன் பறக்கவில்லை?’ அதற்கு அந்தக் கதையைத்தான் பார்த்துப் பார்த்துச் சீவி வைத்திருந்தான். இந்த மாதத்தோடு விசாவும் முடிகிறது.

நேர்காணலுக்கு உள்ளே போன மூடி, போன வேகத்தில் வெளியே வந்தான்.

“என்னடா ஆச்சு?”

“ஒரு வருஷம் ஏன் பறக்கலைன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“ஒண்ணும் சொல்லல. தப்பே பண்ணதில்லையான்னு கேட்டாங்க. அதுக்கும் ஒண்ணும் சொல்லல. நன்றின்னாங்க.”

சாயங்காலம் கேப்டனின் போன் அடித்தது. வேலை கிடைத்துவிட்டது. கட்டில்மேல் ஏறிக் குதித்தான். அந்தப் பக்கம் மூடி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். குதிக்கிற கால் கொஞ்சம் தயங்கியது.

“மனசு ஒரு மாதிரிதான்டா இருக்கு. ஆனா நியாயமா யோசிச்சுப் பாரு. அன்னைக்கு என் உயிரே போயிருக்கும். நான் ஏதாவது சொன்னேனா?”

“பாத்திரம் தேய்க்கச் சொன்னே.”

“கிண்டலைப் பாரு! இன்னையோட கணக்குத் தீர்ந்துதுன்னு வெச்சுக்கோ.”

“சரி.”

சரி என்று அவன் உடனே சொன்னது கேப்டனுக்குத் தெம்பாக இருந்தது. கட்டிலில் சாய்ந்துகொண்டான்.

“அதிசயம் என்னன்னா, சும்மா விடலைடா அவங்க. குறுக்குக் கேள்வியா கேட்டாங்க. ஏணி என்ன நிறம்னாங்க. மஞ்சள்னேன். மூட எப்படி மறப்பீங்கன்னாங்க. மூடி கையில ஜில்லுன்னு இருந்துச்சு, திருகப் போறப்போ ஆபீஸ் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டாங்க, அப்படியே விட்டுட்டு இறங்கிட்டேன்னு சொன்னேன். எங்கேருந்துதான் வந்துச்சோ! தண்ணி மாதிரி கொட்டுது. என்னமோ நானே பண்ண மாதிரி!”

மூடி கோட்டை மடித்துக் கேப்டனின் கட்டில் ஓரத்தில் வைத்தான்.

“அப்போ உன் பேர்ல ஏற்கெனவே ரெண்டு எச்சரிக்கை இருந்துச்சு. இன்னொண்ணு வந்திருந்தா அன்னைக்கே ஊருக்கு அனுப்பியிருப்பாங்க.”

“அதுக்கென்னடா இப்போ?”

மூடி பெட்டியின் ஜிப்பை இழுத்தான். அது பாதியில் சிக்கிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“நீ இறங்கினப்புறம் அந்த ஏணியில யாருமே ஏறலடா.”