இரண்டாவது டம்ளர்

பிளாஸ்டிக் கட்டைகளால் மாடல் கட்டுகிறவர்களின் சனிக்கிழமைக் கூடுகையில், சிவநேசன் தான் குடியிருக்கும் அடுக்ககத்தையே கட்டி வைத்திருந்தார். எதிர் பிளாக் மூன்றாம் மாடியில் தனியாக வசிக்கும் பிலோமினா டீச்சர் பார்க்க வந்தார். தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் துணி, வாட்ச்மேனின் கால் உடைந்த நாற்காலி வரை எல்லாம் சரியாக இருந்தன. டீச்சருடைய பால்கனியில் மட்டும் இரண்டு பொம்மைகள் டம்ளரோடு நின்றன.

“நான் ஒருத்திதானே சார் இருக்கேன்?”

சிவநேசன் குழம்பினார். “தினமும் காலையில உங்க பால்கனி சுவத்து மேல ரெண்டு டம்ளர் பாக்கறேன் டீச்சர். ரெண்டு டம்ளர்னா ரெண்டு ஆள்தானே? இன்னொருத்தர் உள்ள போயிருப்பார்னு நினைச்சேன்.”

டீச்சர் குனிந்து அந்த இரண்டு பொம்மைகளையும் பார்த்தார். கட்டியவரைத் தவிர யாரும் மாடலைத் தொடக்கூடாது என்பது அங்கே விதி. தப்பாகக் கட்டிவிட்ட கூச்சத்தில் சிவநேசன் இரண்டாவது பொம்மையின் காலடியில் நகத்தை நுழைத்து நெம்பினார்.

“எடுக்காதீங்க சார்” என்றார் டீச்சர். “கொஞ்சம் அந்தப் பக்கமா திருப்பி மட்டும் வைங்க. மூஞ்சில வெயில் அடிச்சா அவருக்குப் பிடிக்காது.”