குடையின் மூக்குக்கண்ணாடி

மூளைக்குள் ஓடும் துளி மின்சாரம் தலைக்கு வெளியே உண்டாக்கும் காந்தப்புலத்தை அளந்து, உள்ளே ஓடும் நினைப்பைத் திரையில் படமாக வரைந்துவிடுவது அந்த ஆய்வகத்தின் லட்சியம். அன்று இயந்திரத்துக்குத் தலை கொடுத்தவன் குருபரன். நினைக்க வேண்டியது ஒரு குடை. உடன் ஆய்வு செய்யும் சுகிர்தா திரையைக் கவனித்துக்கொண்டிருந்தாள். புள்ளி புள்ளியாக விரிந்த குடை, மெதுவாக மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டது. சுகிர்தா தன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். அதற்குள் குடை, அவளுக்கு இருக்கும் அதே இடத்தில் ஒரு மச்சமும் வைத்துக்கொண்டிருந்தது.

"டேய், குடையைத்தானே நினைக்கிறே?" என்றாள் மைக்கில்.

"சத்தியமா குடைதான்."

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். விஷயம் வெளியே போனால், படிப்பு முடியும்வரை இருவருக்கும் குடை என்றே பெயர்.

"என்னம்மா இது?"

"சிக்னல்ல இரைச்சல் சார். அவன் உடம்புல ஏதோ உலோகம் இருக்கு போல."

"ஐயோ, அரைஞாண் கொடியைக் கழட்ட மறந்துட்டேன் சார்!" என்று இயந்திர அறைக்குள்ளிருந்து அலறினான் குருபரன்.

காலையில் அவன் நெளிந்துகொண்டே கழற்றிக் கொடுத்த வெள்ளிக் கொடி, அவள் முன்னாலிருந்த தட்டில் மினுங்கியது. சுகிர்தா துப்பட்டா நுனியைச் சாவகாசமாக அதன்மேல் போட்டுவிட்டு மைக்கை இழுத்தாள்.

"இன்னொரு தடவை எடுக்கறேன். அதே குடைதான், மாத்திடாதே."