இரண்டு தடவை மாறிய கார்டு

"இது யார் வீட்டுப் பையன்?" என்றாள் சிசாதோ.

அவள் கணவன் தகுமி தலையைச் சொறிந்தான். லேப்டாப் திரையில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு குண்டுப் பையன் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தான்.

"உங்களைத்தான் கேக்குறேன். நம்ம ரிகோ எங்கே?"

"எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி தொப்பி..." என்று இழுத்தான் தகுமி.

"தொப்பி ஒரே மாதிரிதான். இவன் பையன், நம்மளது பொண்ணு. பெத்த அப்பனுக்கு அதுகூடவா தெரியாது?"

சிசாதோவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பாலர் பள்ளியில் ரிகோவுக்கு இதுதான் கடைசி விளையாட்டு விழா. ஏப்ரல் வந்தால் பெரிய பள்ளிக்கூடம். மீன் தொழிற்சாலையில் எவ்வளவு கெஞ்சியும் லீவு கிடைக்கவில்லை. விடியும் முன்பே எழுந்து, சோற்று உருண்டை பிடித்து டப்பாவில் அடைத்து, கேமராவில் புது மெமரி கார்டையும் போட்டுக் கொடுத்து, "வேற ஒண்ணும் வேண்டாம். அவ ஓடுறதை மட்டும் எடுத்துட்டு வாங்க" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.

போன வருஷமும் அவளுக்கு வேலைதான். அந்த ஓட்டத்தை லேப்டாப்பில்தான் பார்த்தாள். பாதி தூரம் ஓடிய ரிகோ சட்டென்று நின்றுவிட்டாள். நின்றதோடு விடவில்லை. அப்பாக்கள் நிற்கும் கயிற்றுப் பக்கம் திரும்பி, ஓவென்று அழுதாள். தகுமி அந்த அழுகையை ஒரு துளி விடாமல் படம் பிடித்திருந்தான். எத்தனை முறை போட்டுப் பார்த்தும் ஏன் நின்றாள் என்று சிசாதோவுக்கு விளங்கவில்லை. கேட்டால் ரிகோவும் சொல்லவில்லை.

இன்றைக்கு வேலை முடிந்து வந்ததும் வராததுமாக, "இந்தத் தடவை கடைசி வரைக்கும் ஓடினியாடி?" என்று கேட்டாள்.

"படத்துல பாரும்மா" என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள் ரிகோ.

சிசாதோ கார்டை வெளியே எடுத்தாள். ஊதினாள். பாவாடையில் துடைத்து மறுபடி லேப்டாப்பில் செருகினாள். குண்டுப் பையன் மறுபடி ஓடினான். அடுத்ததைத் திறந்தாள். குண்டுப் பையன் பெரிய பந்தை உருட்டினான். அதற்கடுத்ததில் சோற்று உருண்டை தின்றான்.

"திங்கிறதைக்கூட எடுத்து வச்சிருக்கீங்க."

"நல்லாச் சாப்பிட்டான்" என்றான் தகுமி தணிந்த குரலில்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. போன மாதம் குடிவந்தவர்கள்.

"இது யார் வீட்டுப் பொண்ணு? நம்ம பையன் எங்கே? எதைத் திறந்தாலும் இந்த ஒல்லிக்குச்சிதானே நிக்கிறா?"

சிசாதோ சுவரைப் பார்த்தாள். தகுமி தரையைப் பார்த்தான்.

கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் பக்கத்து வீட்டு மோரிஷிதா. செத்த பூச்சியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் ஒரு மெமரி கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. காலையிலேயே பேசிக்கிட்டோம். என் பையனை இவர் எடுக்கிறது, உங்க பொண்ணை நான் எடுக்கிறது. முடிஞ்சதும் கார்டை மாத்திக்கிறது."

"அப்போ மாத்த மறந்துட்டீங்களா?"

"மறக்கலை. பள்ளிக்கூட வாசல்லயே மாத்திட்டோம். வர்ற வழியில ஆளுக்கொரு பீர் குடிச்சோம். லிஃப்ட்ல ஏறினப்போ, ஐயோ மாத்தலையேன்னு தோணிச்சு. அதனால இன்னொரு தடவை மாத்திக்கிட்டோம்."

சிசாதோவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. கோபம் அதை உள்ளே தள்ளியது.

"அவங்கவங்க பிள்ளையை அவங்கவங்க எடுத்தா கை ஒடிஞ்சிடுமா?"

"எனக்குத் தெரியாதும்மா. இவர்தான் வந்து கேட்டார்" என்று தகுமியைக் கைகாட்டிவிட்டார் மோரிஷிதா.

"கேமராவைப் பிடிச்சிட்டிருந்தா வேற வேலை பாக்க முடியல" என்று முணுமுணுத்தான் தகுமி.

"மகள் ஓடுறப்போ உங்களுக்கு அப்படி என்ன வேற வேலை? பீர் டப்பா திறக்கிற வேலையா?"

"அந்தக் கார்டைக் குடுங்க, நான் போறேன். எங்க வீட்ல நிலைமை சரியில்லை" என்று கார்டை மாற்றி வாங்கிக்கொண்டு நழுவினார் மோரிஷிதா.

ரிகோ தலையில் துண்டோடு வந்து அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிசாதோ கார்டைச் செருகினாள்.

திரையில் ரிகோ ஓடினாள். பாதி வழியில் வேகம் குறைந்தது. போன வருஷம் நின்ற அதே இடத்தில் நின்றுவிட்டாள்.

சிசாதோ திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

ரிகோ கயிற்றுப் பக்கம் திரும்பினாள். எதிர்ப்பக்கமிருந்து எடுத்த மோரிஷிதாவின் கேமராவும் அவள் பார்த்த பக்கமே திரும்பியது. வரிசையாக அப்பாக்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கேமரா.

நடுவில் ஒரே ஒருவன் மட்டும் இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டி, வாயெல்லாம் திறந்து கத்திக்கொண்டிருந்தான். காலில் ஒரு செருப்பைக் காணோம். தகுமி.

ரிகோ அவனைப் பார்த்தாள். பிறகு ஓட ஆரம்பித்தவள் நிற்கவே இல்லை. கோட்டைத் தாண்டியபோது அவளுக்குப் பின்னால் யாருமில்லை.

"கடைசியாத்தான் வந்திருக்கே" என்றாள் சிசாதோ. "ஏண்டி, போன வருஷமும் அப்பா அதே இடத்துலதானே நின்னாரு? அப்போ மட்டும் ஏன் அழுதே?"

ரிகோ துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"போன வருஷம் அங்க அப்பா வரவே இல்லம்மா. கேமராதான் வந்திருந்துச்சு."