பூ நசுங்காத ஹெல்மெட்

“பாய், தலையில பூ வச்சா நசுங்காத ஹெல்மெட் இருக்கா?”

சைக்கிள் கடை அப்துல் அலீம் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது வயசு மதிக்கலாம் அந்த அம்மாவுக்கு. கையில் ஒரு இலைப் பொட்டலம். கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்பார்கள், கலர் கேட்பார்கள். பூவுக்கு இடம் கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை.

“யாருக்கும்மா?”

“என் மருமகளுக்கு. வண்டியூர்லேருந்து கே.கே. நகர் கிளினிக்குக்கு தினம் சைக்கிள்லதான் வேலைக்குப் போறா. லாரியும் பஸ்ஸும் பறக்குற ரோடு.”

அலீம் அறுநூறு ரூபாய் ஹெல்மெட் ஒன்றை எடுத்து வைத்தார்.

அந்த அம்மா பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு முழம் மல்லிகை. கடையில் இருந்த பொம்மைத் தலையின் பின்பக்கம் ரப்பர் பேண்டு போட்டுப் பூவைக் கட்டினார். அதன்மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்தார்.

பஞ்சர் ஒட்ட வந்திருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அலீமுக்கு மானம் போனது.

“பூ நசுங்கல. ஆனா தலையில நிக்காம ஆடுதே பாய்? விழுந்தா மண்டை தப்பாது. வேற காட்டுங்க.”

அடுத்தது ஆயிரத்து இருநூறு. தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் பின்னால் இருந்த பட்டை அழுத்தியதில் மல்லிகை கசங்கிப்போனது.

“நல்ல உறுதியான சரக்கும்மா. இதையே எடுத்துக்கங்க.”

“பூ நசுங்குதே!”

“உசுரு பெருசா, பூ பெருசா?”

“ரெண்டும் வேணும் பாய்.”

அலீமுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மகாராணி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, தன் மினுக்குக்காக மாமியாரைக் கடைகடையாக அலையவிட்டிருக்கிறாள். இந்த அம்மாவும் அதற்குத் தலையை ஆட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கொடுத்துவைத்த மருமகள்!

வேண்டாவெறுப்பாக மேல் தட்டிலிருந்து மூன்றாவதை இறக்கினார். பின்பக்கம் கொண்டைக்கு இடம் விட்டுச் செய்தது. அந்த அம்மா பொம்மைத் தலையை ஒரு உலுக்கு உலுக்கினார். ஹெல்மெட்டும் அசையவில்லை, பூவும் அலுங்கவில்லை. பிறகு தன் தலையிலேயே மாட்டிப் பார்த்தார்.

“காத்தும் வருது, வெயில்ல வேர்க்காது. எம்புட்டு?”

“ரெண்டாயிரத்து நானூறு.”

அந்த அம்மாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது.

“மிக்ஸி வாங்க வச்சிருந்த காசு. அது கெடக்கட்டும், இதைக் கட்டிக் குடுங்க.”

அலீமால் அடக்க முடியவில்லை.

“பூவுக்குப் போயி இம்புட்டுச் செலவாம்மா? உங்க மகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?”

அந்த அம்மா பொம்மைத் தலையிலிருந்து பூவை அவிழ்த்தார்.

“அவன் இருந்தா நான் ஏன் பாய் வாரேன்? ஹெல்மெட் போடாமப் போயி ரோட்டுல விழுந்தவன்தான். ரெண்டு வருசமாச்சு. அன்னைக்கு எடுத்த பூவை இவ திரும்ப வைக்கவே இல்ல. நானும் வையித்தா, வையித்தான்னு கெஞ்சிக்கிட்டே இருக்கேன். ‘ஹெல்மெட்டுல நசுங்கிரும், வேணாம் அத்தே’ங்குறா.”

அலீம் நீட்டிய பையை வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

“இனி என்ன சாக்குச் சொல்றான்னு பாக்குறேன்.”