மறுக்காத பிள்ளை

காலை எட்டு நாற்பதுக்கு இரண்டாம் பந்தி உட்கார்ந்தது.

ராயவரத்தில் கல்யாண வீடு. எதிரெதிராக மேசைகள். அமராவதிக்கு நேர் எதிரே அவளுடைய ஓரகத்தி மீனாள். மீனாளுக்குப் பக்கத்தில் அவள் மகன் ராம்நாத்.

அமராவதிக்கு இந்தப் பக்கம் அழகி. மாப்பிள்ளை வீட்டு வழி, கோயம்புத்தூரிலிருந்து வந்தவள். பெண் வீட்டுச் சொந்தங்களை இன்றுதான் பார்க்கிறாள்.

ராம்நாத்துக்குப் பதினாறு வயது. காதில் இயர்போன். தண்ணீர் பாட்டிலில் செல்போனைச் சாய்த்து வைத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். பரிமாறுகிறவர் இட்லி வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டார். அவன் நிமிரவில்லை. அவராகவே வைத்துவிட்டுப் போனார்.

பால் பணியாரம் வந்தது. ஒன்றே ஒன்று சாப்பிடேன் என்று மீனாள் கிண்ணத்தை அவன் இலைக்கு நகர்த்தினாள்.

அவன் கையை வீசினான். கிண்ணம் கவிழ்ந்து மீனாளின் பட்டுப்புடவையில் கொட்டியது.

"எனக்குப் பிடிக்காதுன்னு ஒனக்குத் தெரியும்ல? சும்மா நொய் நொய்னு. போ ஆத்தா அங்கிட்டு."

பந்தியில் தலைகள் திரும்பின.

பிறகு மெல்லப் பேச்சு கிளம்பியது. கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தால் இப்படித்தான் என்றாள் ஒருத்தி. தகப்பன் வயிரவன் ஒரு நாளாவது அதட்டியிருப்பாரா என்றாள் இன்னொருத்தி. பிள்ளையைச் சொல்லி என்ன, பெற்றவளைச் சொல்ல வேண்டும் என்றாள் அழகி. மற்ற இருவரும் அமராவதியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து இட்லியைப் பிட்டார்கள்.

அமராவதி மீனாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீனாள் கைக்குட்டையை எடுத்தாள். முதலில் அவன் சட்டையில் தெறித்திருந்ததைத் துடைத்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவன் கையை நீட்டிக் கொடுத்தான். பிறகு மறு கையை. புடவையை அவள் கடைசியில்தான் பார்த்தாள். துடைத்தபடியே ஏதோ முணுமுணுத்தாள். அவன் தோளால் அவளை ஓர் இடி இடித்தான்.

மீனாளுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டை மடித்து அடக்கிக்கொண்டாள்.

அமராவதி பிட்ட இட்லியை இலையிலேயே வைத்தாள்.

பால் பணியாரம் பிடிக்காதாம்.

விடுமுறைக்கு அவன் அமராவதி வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் அதைத்தான் செய்தாள். அரிசியும் உளுந்தும் ஆட்டி, தேங்காய்ப்பால் எடுத்து. அவன் ஒன்றுகூட மிச்சம் வைத்ததில்லை. நல்லா இருக்கு சின்னாத்தா என்பான். தட்டைத் தானே கழுவி வைப்பான். செருப்பை வாசலில் ஜோடி சேர்த்து விடுவான். எப்படிப்பட்ட பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அவளும் சொல்லியிருக்கிறாள்.

மீனாள் வீட்டில் அவன் கதவை அறைந்து சாத்துகிறானாம். மீனாள் போனில் அழுதிருக்கிறாள். ஆறுதல் சொல்லிக்கொண்டே அமராவதி தன் வீட்டுக் கதவுகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அவள் எழுந்தாள்.

பரிமாறுகிறவரிடமிருந்து வாளியை வாங்கினாள். மேசையைச் சுற்றிப் போனாள். கவிழ்ந்த கிண்ணத்தை நிமிர்த்தி அதில் இரண்டு பணியாரம் போட்டாள். மூன்றாவதையும் போட்டாள். கரண்டி நிறையப் பால் ஊற்றினாள்.

வேண்டாம் என்று மீனாள் கண்ணால் சொன்னாள்.

தட்டிவிடு, என்று அமராவதி மனதுக்குள் கேட்டாள். எல்லார் முன்னாலும் தட்டிவிடு. என் புடவையிலும் கொட்டட்டும்.

ராம்நாத் நிமிர்ந்து பார்த்தான்.

இயர்போனைக் கழற்றினான். போனைக் கவிழ்த்து வைத்தான். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். போதும் சின்னாத்தா என்று மெல்லச் சொன்னான்.

பிறகு மூன்றையும் சாப்பிட்டான். அதிகம் மெல்லாமல் விழுங்கினான். அவள் இன்னும் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்திலிருந்த பாலையும் குடித்தான்.

மீனாள் அவன் முதுகைத் தடவினாள். அவன் விலகவில்லை.

அமராவதி வாளியைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவளுக்குப் பிறந்தவை இரண்டும் ஆண். மீனாளுக்கு ஒன்றும் இல்லை. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இரண்டாவதற்கு மஞ்சள் நீர் புகட்டிச் சுவீகாரமாக மீனாளின் மடியில் உட்கார வைத்தார்கள். அப்போது அவனுக்குப் பல் முளைத்திருந்தது. அன்று காலை பால் குடிக்கும்போது கடித்துவிட்டான். வலியில் அமராவதி ஓர் அடி போட்டாள். அவன் முகம் சிவக்க வீறிட்டு, இரண்டு கையாலும் அவளை அறைந்தான்.

அவள்மேல் அவனுக்கு வந்த கடைசிக் கோபம் அதுதான்.

அவள் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். பந்தியில் எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். அழகி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் குரலில் உண்மையான வியப்பு இருந்தது.

"ஒரு வார்த்தை அதட்டல, ஒங்களுக்கு எப்படி அடங்குறான் பாத்தீங்களா? இவன் மட்டும் ஒங்க கையில வளந்திருந்தா எப்படி இருந்திருப்பான் ஆச்சி?"